ஜெஸீமாவின் பக்கம்

அத்தியாயம் 9

கடைசிப் பாடவேளைக்கு மணி அடிக்கும் முன்பே ஜெஸீமா பாடசாலைப் படலையைத் தாண்டிவிட்டாள். அதிபரிடம் அனுமதி கேட்கவில்லை. குடையை ஆசிரியர் அறையில் விட்டுவிட்டு வந்தது மருதமுனைப் பிரதான வீதியில் வெயில் சுட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்காகவும் திரும்பிப் போகவில்லை.

ஒன்றரை வருடமாக அவளுக்கு உடம்பில் ஒரு வருத்தம். காலையில் நன்றாகத்தான் இருப்பாள். முதலாம் பாடவேளையில் அவள் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் குரல் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும். மதியமானால் குரல் தேய்ந்து மூக்கால் வரும். கண்ணிமைகள் சரியும். கரும்பலகைக்கு உயர்த்திய கை தோளோடு சோர்ந்து விழும். கொஞ்சம் படுத்து எழும்பினால் எல்லாம் சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிடுவதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. உண்மையான வருத்தம் என்றால் படுத்து எழும்பினால் போகுமா என்று எல்லோரும் கேட்டார்கள்.

சுனாமியில் கணவன் தாஹிரைப் பறிகொடுத்தவள். மறுமணப் பேச்சு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று நின்றவள். அந்தக் கவலைதான் உடம்பில் இறங்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. நித்திரைக் குளிசை எழுதிக்கொடுத்த டொக்டரும் அதையே சொன்னார். போன வாரம் அதிபர் அவளிடமிருந்து மேல் வகுப்புகளை எடுத்துவிட்டு, உடல்நலக் காரணம் காட்டி ஓய்வு பெறுவதைப் பற்றி யோசிக்கும்படி மென்மையாகச் சொல்லியிருந்தார்.

இன்றைக்கு ஆசிரியர் அறையில் நடந்தது அதையெல்லாம் தாண்டிவிட்டது.

ஹபீலா டீச்சர்தான் ஆரம்பித்தாள். பரிவாகத்தான் ஆரம்பித்தாள். அவளுடைய பெரியம்மா மகள் ஜெஸீமாவின் தம்பி இன்ஸாப்போடு மருத்துவபீடத்தில் படிக்கிறாள். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தபோது கதையோடு கதையாகச் சொன்னதாம்.

"உங்கட வருத்தத்தப் பத்தி தம்பியாக்கள் கொம்பியூட்டர்ல நல்லா ஆராய்ஞ்சிரிக்காங்களாமே டீச்சர். ஒரு கலியாணம் முடிச்சிருந்தா இது வந்திரிக்காது என்டுதான் அவங்களும் எழுதியிரிக்காங்களாம்."

அறையில் இருந்த மற்ற ஆசிரியைகள் கொப்பிகளைத் திருத்துவதுபோலக் குனிந்துகொண்டார்கள். அப்படிக் குனிந்ததில்தான் ஜெஸீமாவுக்கு விளங்கியது. அவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்த வாரம் அது. கல்முனைப் பக்கமிருந்து வந்த லொறியொன்றில் கொடிகளைப் பிடித்துக்கொண்டு இளைஞர்கள் சத்தம் போட்டுப் போனார்கள். கடை வாசல்களில் நின்றவர்களில் சிலர் கை காட்டினார்கள், சிலர் உள்ளே போனார்கள். ஜெஸீமா ஒன்றையும் பார்க்காமல் நடந்தாள்.

கடற்கரைப் பக்கம் அவளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு அலையோடு போன பிறகு, பிரதான வீதிக்கு மேற்கே சுனாமி வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டில் தாயோடு இருக்கிறாள். வாப்பா மௌத்தாகிப் பல வருடம். அவளுடைய சம்பளத்திலும், உம்மா பிள்ளைகளுக்கு விற்கும் ஐஸ் பக்கட்டிலும்தான் இன்ஸாப்பின் படிப்பு நடக்கிறது. நாலாம் வருடம். விடுமுறையில் வந்திருக்கிறான்.

அவன் ஜன்னலோரம் மேசை போட்டு லெப்டொப்போடு இருந்தான். சிக்னல் கிடைப்பதற்காக டொங்கிளை ஒரு நீளமான வயரில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தான். ஆமினா உம்மா குசினியில் சீனிப்பாகும் நிறமும் கலந்து பக்கட்டுகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஜெஸீமா செருப்பைக் கழற்றவில்லை.

"என்னப் பத்தி என்ன எழுதி வெச்சிரிக்காய்?"

"எதுல ராத்தா?"

"எதுலயெல்லாம் எழுதினாய்?"

அவன் முகம் மாறியது. பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினான். அவனுக்கு விளக்கம் சொல்ல நன்றாக வரும்.

அவனுடைய பெட்ச் மாணவர்கள் நாற்பது பேர் இணையத்தில் ஒரு விக்கி நடத்துகிறார்கள். ஒருவர் ஒரு பக்கத்தைத் தொடங்கினால் எல்லோரும் அதில் எழுதலாம், திருத்தலாம், மற்றவர் எழுதியதை அழிக்கலாம். ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் ஒரே மேசையில் இருந்து படிப்பதுபோல. விரிவுரையாளர்களும் வந்து பார்ப்பார்கள், புள்ளி போடுவார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு நோயாளியின் வரலாற்றை எழுதி, எல்லோரும் சேர்ந்து ஆராய்ந்து, விடுமுறை முடிந்ததும் விரிவுரை மண்டபத்தில் முன்வைக்க வேண்டும். இன்ஸாப்பின் குழுவுக்கு அவன்தான் தலைவன். அவன் எடுத்துக்கொண்ட நோயாளி அவனுடைய ராத்தா.

பேர் போடவில்லை என்று அவன் இரண்டு தரம் சொன்னான். ஒருவருக்கும் தெரியாது என்றான்.

"ஹபீலா டீச்சருக்குத் தெரியும்," என்றாள் ஜெஸீமா. "காட்டு."

பக்கம் மெதுவாகத் திறந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. கணித ஆசிரியைதான் என்றாலும் அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். மேசையில் முழங்கையை ஊன்றி வரி வரியாக வாசித்தாள்.

கிழக்குக் கரையில் நெசவுக்குப் பேர்போன முஸ்லிம் ஊரொன்றைச் சேர்ந்த முப்பத்தொரு வயது ஆசிரியை. திருமணமாகி ஒரு வருடத்துக்குள் சுனாமியில் கணவனை இழந்தவர். மறுமணத்தைப் பிடிவாதமாக மறுப்பவர். வீட்டில் தாயோடு அடிக்கடி முரண்படுபவர். வேலை செய்ய விருப்பமில்லாத நேரங்களில் குரல் போகிறது. விருப்பமான நேரங்களில் திரும்பி வருகிறது.

அதற்குக் கீழே மற்ற மாணவர்கள் ஆளாளுக்குச் சேர்த்திருந்தார்கள். துக்கத்தை உடலால் வெளிப்படுத்துதல் என்று ஒருத்தி. அந்தச் சமூகத்தில் விதவைகளின் நிலை பற்றி ஒருவன் நீளமான பந்தி. வினோதன் என்ற ஒருவன், மற்றவர்களின் பரிவைப் பெறுவதுதான் இவருக்கு இந்த நோயால் கிடைக்கும் இலாபம் என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தான். கடைசியில் விரிவுரையாளர் ஒருவரின் ஒற்றை வரி. அழகான கேஸ், நன்றாகத் தொகுத்திருக்கிறீர்கள்.

வலது பக்க மூலையில் ஒரு படம். போன பெருநாளன்று பின்னேரம் வாசலில் வைத்து இன்ஸாப் தன் போனில் பிடித்த படம். அவளுடைய முகம். ஆள் தெரியாமல் இருக்க கண்களுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டிருந்தான். கண்ணைத் தவிர எல்லாம் தெரிந்தது. அவளுடைய தோடு, பெருநாள் உடுப்பு, பின்னால் வீட்டுத் திட்டத்தின் பச்சை நிறக் கதவு. ஊரில் யாரும் ஒரு நொடியில் அடையாளம் காணலாம்.

குசினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உம்மா, நான் பிடிவாதக்காரி என்டு இவனுக்கு நீங்களா சொன்னயள்?"

ஆமினா உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை டொக்டருக்குப் படிக்கிறான், கேட்டான், சொன்னேன், அதில் என்ன பிழை என்றாள். வந்த இரண்டு சம்பந்தங்களையும் அவள் தட்டிக்கழித்தது பொய்யா என்றும் கேட்டாள். குரலில் குற்ற உணர்வு இருந்ததால் அது இன்னும் கடுமையாக வந்தது.

"சுனாமி வந்து நாலரை வருசம்," என்றாள் ஜெஸீமா. "இந்த வருத்தம் வந்து ஒன்டரை வருசம். எனக்குப் பல்லு வலிச்சாலும் சுனாமிதானா? பசிச்சாலும் சுனாமிதானா? இம்பட்டுப் பேர் எழுதியிரிக்கிங்க. இதுல என்ட வாயால வந்த ஒரு சொல்லு இரிக்கா?"

கடைசிச் சொற்கள் மூக்கால் வந்தன. ஆத்திரப்படுவதற்கும் உடம்பில் பலம் வேண்டியிருந்தது. அவளுக்கு இன்னும் சொல்ல எவ்வளவோ இருந்தது, ஆனால் தாடை கனத்துத் தொங்கியது. உள்ளங்கையால் அதைத் தாங்கிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

அவன் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் திரையின் பக்கம் திரும்பினான். அவள் பேசப் பேசக் குரல் போவதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. அவன் பல தடவை பார்த்த காட்சிதான் அது. அதற்கு அவனிடம் ஏற்கெனவே ஒரு பேர் இருந்தது.

அந்த நேரம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

பாண்டிருப்பைச் சேர்ந்த கேசினி. இன்ஸாப்பின் பெட்ச்தான், அவனுடைய குழுவில்தான் இருக்கிறாள். அவள் வீடு இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் இறங்கும் தூரம். ஆனாலும் இதுவரை இந்த வீட்டுக்கு வந்ததில்லை. அந்த வாரத்தில் அவளைப் போன்ற ஒரு தமிழ்ப் பிள்ளை தனியாக வெளிக்கிட்டு வருவது இலேசான காரியமும் இல்லை. அவளுடைய சித்தப்பா குடும்பம் யுத்தம் நடந்த வன்னியில். உயிரோடு இருக்கிறார்களா என்ற தகவல்கூட இன்னும் இல்லை. வரும் வழியில் பஸ்ஸை மறித்து ஆமிக்காரர்கள் வெற்றிக் கொண்டாட்டமென்று எல்லோருக்கும் பாற்சோறு கொடுத்திருக்கிறார்கள். வாழையிலைத் துண்டில் சுற்றிய அந்தச் சோற்றை வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், தின்னவும் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸாப் எழும்பி வாசலுக்குப் போனான். போனை எடுக்கவில்லை என்பதற்காக வீட்டுக்கே வர வேண்டுமா என்று அவன் தணிந்த குரலில் கேட்டது உள்ளே கேட்டது. ராத்தாவுக்குச் சுகமில்லை, இன்னொரு நாள் வா என்றான்.

"சுகமில்ல என்டுதான் வந்தன்," என்றாள் கேசினி.

ஜெஸீமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "உள்ள வா புள்ள," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

கேசினி அவளுக்கு எதிரே அமர்ந்தாள். வந்ததிலிருந்து ஜெஸீமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பக்கம் திறந்திருப்பதைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அக்கா, இதுல நானும் ஒன்டு எழுதினன். பாத்தீங்களா?"

ஜெஸீமா இல்லையென்று தலையசைத்தாள்.

"இரிக்காது. அழிச்சாச்சு." கேசினி இன்ஸாப்பைப் பார்த்தாள். "பழைய பக்கத்த எடு."

அவன் அசையவில்லை. கேசினியே லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். யார் எதை எழுதினார்கள், யார் எதை அழித்தார்கள் என்பதையெல்லாம் அந்த விக்கி தனியாகச் சேர்த்து வைத்திருந்தது. இரண்டு வாரத்துக்கு முந்திய பக்கம் திறந்தது. மூலையில் அதே பெருநாள் படம். அப்போது கறுப்புப் பட்டை போட்டிருக்கவில்லை. ஜெஸீமாவின் இரண்டு இமைகளும் பாதிக் கண்ணுக்குச் சரிந்து, இடது இமை கருமணியை மூடப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கேசினியின் பெயரில் நாலு வரிகள்.

இமைகள் சரிந்திருப்பதைக் கவனித்தீர்களா? பின்னேரமானால் கூடி, ஓய்வெடுத்தால் குறைகிறது என்றால், மனதைப் பற்றிப் பேசும் முன் மயஸ்தீனியா இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இவரைத் தொட்டுப் பரிசோதித்தவர் யார்?

அதை அழித்தவர் பெயர் இன்ஸாப் என்று இருந்தது. காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே சொல். பொருத்தமற்றது.

இமை சரிவதைக் காட்டிய படத்தில், அந்தக் கண்களுக்கு மேலேயே அவன் பிறகு பட்டை போட்டிருந்தான்.

அவன் பேசத் தொடங்கினான். கேசினி எழுதும்போது எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். விரிவுரைக்கான ஸ்லைட்கள்கூடத் தயாராகிவிட்டன. விரிவுரையாளர் பாராட்டிவிட்டார். அந்த நாலு வரியை வைத்திருந்தால் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். மயஸ்தீனியா என்பது நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் போகும் ஒரு வருத்தம், அது அபூர்வம், ராத்தாவுக்கு அது இருக்கும் என்று அவன் நினைக்கவேயில்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான். யாரும் குறுக்கிடாததால் அவனுடைய சொற்கள் தாமாகவே மெலிந்து நின்றன.

கேசினி அவனை விட்டுத் திரும்பினாள். ஆமினா உம்மாவிடம் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டாள்.

உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பிரிட்ஜைத் திறந்து ஒரு ஐஸ் பக்கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பு நிறம். கேசினி அதைத் தன் கைலேஞ்சியில் சுற்றி, கண்ணை மூடச் சொல்லி, ஜெஸீமாவின் இடது இமைமேல் மெல்ல வைத்தாள். குளிரில் ஜெஸீமாவின் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. வெளியே எங்கோ வெடி கொளுத்தினார்கள்.

கேசினி ஐஸை எடுத்தாள். "கண்ணத் திறங்க அக்கா."

வலது இமை முன்போலவே சரிந்து கிடந்தது. இடது கண் முழுதாகத் திறந்திருந்தது. காலையில் பாடசாலைக்குப் புறப்படும்போது இருப்பதுபோல, தெளிவாக, வட்டமாக. மயஸ்தீனியா என்றால் குளிரில் தசை கொஞ்ச நேரம் மீளும் என்றாள் கேசினி.

ஆமினா உம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். நீ நடிக்கிறாய் என்று தன் வாயால் மகளைத் திட்டிய நாட்கள் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். விம்மல் மட்டும் கேட்டது.

இன்ஸாப் கிட்ட வந்து குனிந்து ராத்தாவின் கண்ணைப் பார்த்தான். ஒன்றரை வருடத்தில் அவன் அந்தக் கண்ணை இவ்வளவு கிட்ட வந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் இடது இமை மீண்டும் தளர்ந்து இறங்குவதையும் பார்த்தான்.

"ராத்தா," என்றான்.

ஜெஸீமா கையை உயர்த்திப் பேசாதே என்று காட்டினாள். கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். அவள் அழுகிறாள் என்று கேசினி நினைத்தாள். உண்மையில் அவள் பலம் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடம் இவர்கள் எல்லோரும் சேர்ந்து அவளைத் தன்னையே சந்தேகிக்க வைத்திருந்தார்கள். சில நாட்களில், உண்மையிலேயே தனக்குத்தான் வேலை செய்ய மனமில்லையோ என்று தொழுகைப் பாயில் இருந்து அவளே அல்லாஹ்விடம் கேட்டிருக்கிறாள். ஒரு ஐஸ் பக்கட். வீட்டுக் குசினியில் இருந்த ஐஸ் பக்கட். அதை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

மேசையில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். இன்ஸாப் லெப்டொப்பைத் திரும்பவும் எடுத்திருந்தான்.

"முழுப் பக்கத்தையும் அழிச்சிர்றன் ராத்தா. இப்பவே அழிச்சிர்றன். படத்தையும் சேத்து."

"கைய எடு."

ஓய்வெடுத்ததால் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. அது போவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"படத்த மட்டும் அழி. எழுதினத்த அழிக்காத. நாப்பது பேருக்கு முன்னால என்னப் பத்தி எழுதினாய். பிழையென்டும் நாப்பது பேருக்கு முன்னாலயே எழுது. அழிச்சிட்டு நல்ல புள்ளயா இரிக்கப் பாக்காத. இந்தப் புள்ள எழுதினத்த இரிந்த இடத்திலயே வை. ஏன் அழிச்சாய் என்டு ஒன்ட பேரப் போட்டு எழுது."

அப்படி எழுதினால் குழு முழுவதற்கும் புள்ளி போய்விடும் என்று அவன் முணுமுணுத்தான். சொன்ன உடனேயே சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது.

ஆமினா உம்மா நிலத்திலிருந்து எழும்பினாள். முன்பின் அவனை அடித்திராதவள், அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "எழுதுடா," என்றாள்.

அவன் எழுதினான். கேசினியின் வரிகளைத் திரும்ப வைத்தான். அதன் கீழே, இதை அழித்தது நான், நோயாளியை நான் பரிசோதிக்கவில்லை, அவரிடம் அனுமதியும் கேட்கவில்லை, அவர் என் சகோதரி என்று எழுதினான். எழுதும்போது கண்ணீர் விழுந்தது. ஜெஸீமாவுக்கு அது இரக்கமாக இருக்கவில்லை. அவன் எழுத்துப் பிழை விட்ட இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவன் திருத்தினான்.

பிறகு அவள் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். கைகளைத் தூக்கிப் பிடிக்க முடியாததால் இரண்டு முழங்கைகளையும் மேசையில் கிடத்தி, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ஆங்கிலத்தில் சிறிய வாக்கியங்கள்.

நான்தான் அந்த நோயாளி. என் பெயர் ஜெஸீமா. காலையில் என்னால் பாட முடியும். மதியம் என்னால் தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியாது. என் கணவர் இறந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பெயரைப் போட வேண்டாம் என்று கேசினி மெதுவாகச் சொன்னாள். பெயர் போடாமலே எல்லோருக்கும் தெரியும்தானே என்று ஜெஸீமா கையால் காட்டினாள். சேமிக்கும் பொத்தானையும் அவளே அழுத்தினாள்.

டொங்கிளின் சின்ன விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. உம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றப் போனாள். கேசினி பாற்சோற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேசை ஓரத்தில் வைத்தாள். பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. எல்லாம் முடிந்துவிட்டது போல ஒரு அமைதி வந்தது.

அப்போது பக்கத்தில் புதிதாக ஒரு வரி முளைத்தது. எழுதியவன் வினோதன். சிரிக்கும் முகம் போட்ட அதே வினோதன். எங்கேயோ தன் வீட்டில் இருந்து இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டிருந்தான்.

குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வருகிறதா? ஒரே மூச்சில் எத்தனை வரைக்கும் எண்ண முடிகிறது? உடனே பாருங்கள்.

இன்ஸாப் வாய்விட்டு வாசித்தான். வாசித்துவிட்டு ராத்தாவைப் பார்த்தான். கேசினியும் பார்த்தாள். ஜெஸீமா பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் கேசினி. "தண்ணி மூக்கால வருதா?"

ஜெஸீமா ஆமென்று தலையசைத்தாள்.

"எப்ப இருந்து?"

நேற்று மதியத்திலிருந்து. இன்றைக்குப் பாடசாலையில் தண்ணீர் புரைக்கேறி மூச்சு அடைத்து, கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு நின்று சமாளித்திருக்கிறாள். அதைத் துண்டு துண்டாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த இன்ஸாப்பின் முகம் வெளிறியது. வீட்டில் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, ஏன் மறைத்தாய் என்று உம்மா அலறினாள்.

ஜெஸீமா தம்பியைப் பார்த்தாள்.

"இதையும் கொண்டுபோய் எழுதுவாய் என்டுதான் சொல்லல்ல."

அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் எல்லோரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சொன்ன எல்லாவற்றிலும் பார்க்க அந்தச் சொல்தான் அவனை அடித்து வீழ்த்தியது.

கேசினி அவள் முன்னால் முழங்காலில் இருந்துகொண்டாள். மூச்சை நன்றாக இழுத்து, விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னாள். சாதாரணமாக ஒருவருக்கு ஐம்பது வரைக்கும் போகலாம், இருபதுக்குள் நின்றால் மூச்சுத் தசைகளும் சோர்கின்றன என்று இன்ஸாப்புக்குத் தெரியும். அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

ஜெஸீமா மூச்சை இழுத்தாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே ஒழுங்கோடு எண்ணத் தொடங்கினாள். ஏழில் குரல் தடித்தது. ஒன்பதில் உதடு மட்டும் அசைந்தது. பதினொன்று என்று சொல்ல வாயெடுத்தாள். காற்று இல்லை.

அதற்குப் பிறகு யாரும் கதைத்துக்கொண்டு நிற்கவில்லை. இன்ஸாப் வெறுங்காலோடு ஓடிப்போய்ப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து முகம்மது தம்பியின் ஓட்டோவைக் கூட்டிவந்தான். ஜெஸீமாவை நடுவில் இருத்தி ஒரு பக்கம் கேசினியும் மறுபக்கம் உம்மாவும் ஏறினார்கள். உம்மா வழிநெடுக ஓதிக்கொண்டே வந்தாள். வீதியில் கொடியோடு நின்ற கூட்டமொன்று ஓட்டோவை மறித்தது. முன்னால் முகம்மது தம்பியோடு நெருங்கியிருந்த இன்ஸாப் குதித்திறங்கிக் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் விட்டார்கள். ஜெஸீமா கண்ணை மூடி, தலையைக் கேசினியின் தோளில் போட்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சையும் கேசினி தன் கழுத்தில் உணர்ந்துகொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் ஏற்றினார்கள். இளம் டொக்டர் ஒருவர் விரைந்து வந்தார். ஒட்சிசன் முகமூடியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, நாடியைப் பிடித்தபடியே கேட்டார்.

"யார் இவங்களப் பத்தி விபரம் சொல்றது? எப்ப தொடங்கின, எப்பிடித் தொடங்கின, எல்லாம் வேணும். கெதியாச் சொல்லுங்க."

ஆமினா உம்மா வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். கேசினி ஒரு அடி பின்னால் நின்றாள். ஒன்றரை வருடத்து விபரமும் தெரிந்தவன் அங்கே ஒருவன்தான். அவன் டொக்டரின் பக்கம் திரும்பவில்லை. கட்டிலின் பக்கம் குனிந்தான்.

"ராத்தா," என்றான். "நான் சொல்லட்டா?"

டொக்டர் பொறுமையிழந்து மறுபடி கேட்டார். தாதி முகமூடியோடு வந்து நின்றாள்.

ஜெஸீமாவின் இரண்டு இமைகளும் முழுவதாக மூடிக் கிடந்தன. அவள் கையை மெல்ல மெல்ல முகத்துக்குக் கொண்டுவந்தாள். சுட்டுவிரலால் தன் இடது இமையை மேலே தூக்கிப் பிடித்து, அந்த ஒற்றைக் கண்ணால் தன் தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.